மல்லிகை முடியும் இடத்தில்

பொதுக்காலம் 30-ஆம் ஞாயிறு மறையுரை – மாற்கு 10:46-52



இந்தப் பங்குக்கு நான் வந்து ஒன்பது மாதம் ஆகிறது. வந்த புதிதில் ஊர் பழக வேண்டும் என்று நம் பங்கைச் சேர்ந்த ஓர் அக்காவிடம் உதவி கேட்டேன். அவர் தொண்டு நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறவர். பெயரைச் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். இப்போது எங்கோ ஒரு பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டுதான் உட்கார்ந்திருப்பார். "அக்கா, இந்த ஊரில் உங்களுக்குப் பிடித்த இடங்களைக் காட்டுங்களேன்" என்றேன். வாழையிலைச் சாப்பாடு எந்தக் கடையில் நன்றாக இருக்கும், சாயங்காலம் நடக்க எந்தத் தெரு வசதி, இப்படித்தான் ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மொனோரயில் நிலையத்துக்குக் கீழே வரச் சொன்னார். போனேன். அவர் தனியாக நிற்கவில்லை. அறுபது வயதுக்காரர் ஒருவர், கையில் வெள்ளைக் கோல், அக்காவின் முழங்கைக்குச் சற்று மேலே லேசாகப் பிடித்தபடி நின்றிருந்தார். "ஃபாதர், நான் காட்டுறதைவிட அண்ணன் நல்லா காட்டுவார். எனக்கே இவர்தான் ஊரைக் காட்டினார்" என்றார் அக்கா.

அன்றைக்குப் பார்வையில்லாத ஒருவர் எனக்குக் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸைக் காட்டினார். துன் சம்பந்தன் சாலையில் பூக்கடைகள் வரிசையாக இருக்கின்றனவே, அங்கே வந்ததும், "மல்லிகை முடியுற இடத்துல இடது பக்கம் திரும்பணும், ஃபாதர். மசாலா அரைக்கிற வாடை வந்துடுச்சுன்னா தாண்டிட்டோம்னு அர்த்தம்" என்றார். நான் கண்ணை மூடிப் பார்த்தேன். உண்மைதான். மல்லிகை ஒரு சுவர் போல நின்று, சட்டென்று முடிந்தது. கடைகளுக்கு முன்னால் இருக்கிற அஞ்சடி நடைபாதையில் நடக்கும்போது கோலின் சத்தம் மாறுவதை வைத்து எந்தக் கடை திறந்திருக்கிறது, எது இன்னும் கதவை ஏற்றவில்லை என்று சொன்னார். ஓரிடத்தில் முகத்தில் வெயில் பட்டது. "இதுதான் சந்து" என்றார்.

காலுக்குக் கீழே மஞ்சள் ஓடுகள் பதித்திருக்கிறார்களே, நீங்கள் தினமும் மிதித்துப் போகிற ஓடுகள், அவற்றை அவர்தான் எனக்கு வாசிக்கக் கற்றுக் கொடுத்தார். நீளக் கோடுகளாக மேடு இருந்தால் நடக்கலாம். புள்ளி புள்ளியாக இருந்தால் நிற்க வேண்டும். முன்னால் சாலையோ படியோ திருப்பமோ இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு நானும் நடந்து பார்த்தேன். பாதத்துக்குச் சீக்கிரமே பிடிபடுகிறது. பதினைந்து அடி நடந்திருப்பேன். புள்ளிகள் வருவதற்கு முன்பே ஒரு மோட்டார்சைக்கிள் வந்துவிட்டது. யாரோ தடத்தின் மேலேயே நிறுத்திவிட்டுத் தே தாரிக் குடிக்கப் போயிருந்தார்கள். அண்ணன் கோலால் அதன் டயரைத் தொட்டு, பேசாமல் சாலையில் இறங்கிச் சுற்றி, மறுபடியும் ஏறினார். அந்த நாலைந்து எட்டும் வண்டிகள் ஓடுகிற சாலையில்.

அக்காவுக்குப் பிடித்த இடங்களில் முதல் இடம் இந்த மல்லிகை முடியும் மூலை. இரண்டாவது, ஜாலான் தெபிங். தெபிங் என்றால் மலாயில் ஆற்றங்கரை. கிள்ளான் ஆற்றை ஒட்டிய அந்தத் தெருவில்தான் 1951-ல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் வளாகம் இருக்கிறது. நாட்டின் எந்தெந்த மூலையிலிருந்தோ பார்வையில்லாதவர்கள் பிரெயில் படிக்கவும் தொழில் கற்கவும் இங்கே வந்தார்கள். பலர் இங்கேயே குடியேறி, உடம்புபிடி நிலையங்களில் வேலை செய்து, கல்யாணம் செய்து, பிள்ளைகளை வளர்த்தார்கள். அதனால்தான் நம் தெருக்களில் இத்தனை வெள்ளைக் கோல்கள். அக்கா ஜாலான் பெர்ஹாலாவையும் காட்டினார். ஒரே தெருவில் 1894-லிருந்து தொடர்ந்து வரும் புத்த மகா விகாரை, கொஞ்சம் தள்ளி நுண்கலைக் கோயில் என்ற கலை அமைப்பும் அன்னலட்சுமி உணவகமும். வேண்டியதைச் சாப்பிட்டுவிட்டு மனம் சொல்வதைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்ற வழக்கத்தோடு, தொண்டர்களின் கைகளால் தொடங்கிய உணவகம் அது. "விலை கேக்காம சாப்பிடுறவங்க முகத்தைப் பாருங்க ஃபாதர், அது தனி" என்றார் அக்கா. நம் மதத்தவர் அல்லாதோர் செய்வதுதான், ஆனால் சொல்லாமல் விடக்கூடாது என்று தோன்றியது.

இந்த ஊரின் பெயரே செங்கல் சூளையிலிருந்து வந்தது என்பதை நீங்கள் எனக்கு முன்பே அறிவீர்கள். 1881-ல் கோலாலம்பூர் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்தது. மரமும் அத்தாப்பும் வேண்டாம், இனிக் கல்லும் ஓடும்தான் என்று முடிவான பிறகு, யாப் ஆ லோய் இங்கே சூளை போட்டார். நகரம் எழுந்து நின்றது இந்த மண்ணை வெட்டிச் சுட்ட செங்கலில். யோவான் நற்செய்தியில் பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவருக்கு இயேசு என்ன மருந்து போடுகிறார்? தரையில் உமிழ்ந்து, சேறு குழைத்து, கண்களில் பூசுகிறார். களிமண்ணில் பிறந்த ஊருக்குப் பார்வையில்லாதவர்கள் தேடி வந்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

இன்றைய நற்செய்திக்கு வருவோம். எரிகோவை விட்டு இயேசு புறப்படுகிறார். பெருங்கூட்டம். வழியோரம் பர்த்திமேயு உட்கார்ந்து பிச்சை எடுத்துக்கொண்டிருக்கிறார். நாசரேத்து இயேசு போகிறார் என்று கேள்விப்பட்டதும், தாவீதின் மகனே என்று கூப்பிட்டுக் கத்துகிறார். கூட்டம் அவரை அதட்டுகிறது. அவர் இன்னும் உரக்கக் கத்துகிறார். இயேசு நிற்கிறார். எருசலேமுக்கு, தம் பாடுகளுக்குப் போகிற வழியில், ஒரு பிச்சைக்காரரின் குரலுக்காக நிற்கிறார். நின்று, தாமே போய்க் கூப்பிடவில்லை. அவரைக் கூப்பிடுங்கள் என்று கூட்டத்திடம் சொல்கிறார். சற்று முன் வாயை மூடு என்று அதட்டிய அதே வாய்கள்தான் இப்போது தைரியமாக எழுந்து வா என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

அதன் பிறகு இயேசு ஒரு கேள்வி கேட்கிறார். உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று. இந்தக் கேள்வியில் நான் பல வருடம் தடுக்கி விழுந்திருக்கிறேன். பார்வையில்லாத ஒருவர் எதிரே நிற்கிறார். என்ன வேண்டும் என்று கேட்க வேறு வேண்டுமா? கடவுளின் மகனுக்குத் தெரியாதா? போன ஞாயிறு வாசித்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். செபதேயுவின் மக்கள் யாக்கோபும் யோவானும் வந்தபோதும் இயேசு இதே கேள்வியைத்தான் கேட்டார். பன்னிருவரில் இருவருக்கும் வழியோரப் பிச்சைக்காரருக்கும் ஒரே கேள்வி, ஒரே மரியாதை. அந்த இருவரும் மாட்சியில் வலப்பக்கமும் இடப்பக்கமும் உட்கார இடம் கேட்டார்கள். பர்த்திமேயு பார்வை கேட்டார். அவரிடம் கேட்காமல் நாணயம் போட்டுவிட்டுப் போனவர்கள் அன்றைக்கு எரிகோவில் நிறையப் பேர் இருந்திருப்பார்கள்.

அவர்களில் ஒருவனாக நானும் இருந்திருக்கிறேன். வந்த முதல் மாதம், மழை நேரம், ரயில் நிலையத்துத் தூண் ஒன்றின் அருகே வெள்ளைக் கோலோடு ஒரு தம்பி நின்றிருந்தார். நான் சாதாரணச் சட்டையில் இருந்தேன். பத்து வெள்ளி நோட்டு ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்து அழுத்திவிட்டு நகர்ந்தேன். "அண்ணே" என்று கூப்பிட்டார். திரும்பினேன். நோட்டை விரலில் சுற்றி அளந்து பார்த்தார். "பத்து வெள்ளி. எனக்கு வேணாம்ணே, நான் வேலைக்குப் போயிக்கிட்டிருக்கேன். மழைச் சத்தத்துல ஒண்ணும் புரியல. கிள்ளான் போற ரயில் எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க" என்றார். கோபம் இல்லை, கேலியும் இல்லை. அந்தத் தம்பி அரை மணி நேரமாக அங்கே நின்றிருந்தாராம். எத்தனை பேர் கடந்து போனார்களோ. நான் நின்றேன், ஆனால் கேட்கவில்லை.

அக்கா சொன்ன இன்னொரு அனுபவத்தை அவர் அனுமதியோடு சொல்கிறேன். தொண்டு நிறுவன வேலைக்கு வெளியே, வாரம் ஒரு நாள், புதன்கிழமை காலை பத்து மணிக்கு, அவர் ஒரு பெரியவருக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுகிறார். அந்தப் பெரியவர் கோல சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இனிப்புநீரில் பார்வை போனது. அதற்கு முன் தினமும் தமிழ் நேசன் வாசித்தவர். 1924-ல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2019-ல் நின்றபோது யாரோ சொந்தக்காரர் போனது போல் இருந்ததாம் அவருக்கு. நம் முன்னால் ஓடுகிற சாலைக்குப் பெயர் தந்த துன் சம்பந்தன், 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, துண்டாடப்பட்டு விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்கட்டும் என்று லயம் லயமாக, தொழிலாளர் வீட்டு வரிசைதோறும் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் சேர்த்தார் அல்லவா, அதில் தன் அப்பா போட்ட பத்து வெள்ளியைப் பற்றி இன்றும் பெருமையாகப் பேசுகிறவர் அந்தப் பெரியவர்.

அக்கா முதல் நாளிலிருந்து தலைப்புச் செய்தியில் ஆரம்பித்தார். நாடாளுமன்றம், விலைவாசி, பிறகு தமிழ்நாட்டுச் செய்தி. பெரியவர் தலையாட்டிக் கேட்பார். "நல்லாருந்துச்சும்மா" என்பார். மூன்று மாதம் இப்படியே போனது. அக்காவுக்குச் சலிப்புத் தட்டியது. இவருக்கு உண்மையிலேயே இது தேவைதானா, நிறுத்திவிடலாமா என்று யோசித்திருக்கிறார். ஒரு புதன்கிழமை பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு, "ஐயா, இன்னிக்கு என்ன வாசிக்கட்டும்?" என்று கேட்டார். முதல் தடவையாக.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பின்பக்கம் வாசிம்மா" என்றார். பின்பக்கத்தில் என்ன இருக்கிறது? மரண அறிவிப்புகள். யார் காலமானார், எந்தத் தோட்டம், யாருடைய கணவர், பிள்ளைகள் பேர், காரியம் எங்கே. அக்கா ஒவ்வொன்றாக வாசித்தார். நான்காவது அறிவிப்பில் பெரியவர் கையைத் தூக்கினார். "அந்தப் பேரை இன்னொருக்கா சொல்லு." சொன்னார். "என்கூட ஒரே நெரையில மரம் வெட்டுனவன்." தோட்டம் விற்றுப் போனபின் அந்த மக்கள் கிள்ளானிலும் பூச்சோங்கிலும் ரவாங்கிலும் அடுக்குமாடிகளில் சிதறிப் போனார்கள். அவர்கள் எல்லாரும் மறுபடி ஒன்று சேர்கிற இடம் பத்திரிகையின் அந்தப் பின்பக்கம்தான். அதுதான் இப்போது அவருடைய லயம்.

"இதை ஏன் ஐயா மொதல்லயே சொல்லல?" என்று அக்கா கேட்டிருக்கிறார். பெரியவர் சொன்ன பதிலை நான் பல தடவை செபத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். "நீ ஆசையா வாசிச்சே. நல்ல மனசோட வர்ற புள்ளைய ஏன் நிறுத்தணும்னு இருந்துட்டேன்மா." மூன்று மாதம் அக்கா அவருக்குத் தொண்டு செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தார். அந்த மூன்று மாதமும் பொறுத்துக்கொண்டு தொண்டு செய்தவர் பெரியவர்.

சகோதர சகோதரிகளே, கேட்பது என்பது சில சமயம் விலை கொடுக்க வேண்டிய காரியம். ஐரின் பெர்னாண்டஸ் என்ற பெயரை உங்களில் பலர் அறிவீர்கள். 1946-ல் சுங்கைப் பட்டாணியில் தோட்டக் கண்காணிப்பாளர் ஒருவரின் மகளாகப் பிறந்த கத்தோலிக்கப் பெண். பள்ளி ஆசிரியராக இருந்தவர், 1970-ல் அந்த வேலையை விட்டுவிட்டு இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தில் முழுநேரப் பணிக்கு வந்தார். 1991-ல் தெனாகானித்தா என்ற அமைப்பைத் தொடங்கினார். பெண்களின் ஆற்றல் என்று பொருள்படும் பெயர். அங்கே அவர்கள் செய்த காரியம் வெளியே பார்க்க எளிமையானது: வெளிநாட்டுத் தொழிலாளர்களிடம் உட்கார்ந்து, உங்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டார்கள். முந்நூறுக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டார்கள். தடுப்பு முகாம்களில் அவர்கள் பட்டதை 1995-ல் ஓர் அறிக்கையாக எழுதினார் ஐரின். மறு ஆண்டு அவர் கைது செய்யப்பட்டார். பொய்ச் செய்தி வெளியிட்டதாக வழக்கு. ஏழு ஆண்டு நடந்த விசாரணையின் முடிவில், 2003-ல், பன்னிரண்டு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் 2008 நவம்பரில் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. கைதிலிருந்து விடுதலை வரை பன்னிரண்டு ஆண்டுக்கும் மேல். அதற்கிடையில்தான் 2005-ல் ரைட் லைவ்லிஹுட் விருதும் வந்தது. 2014 மார்ச் 31-ஆம் நாள் காலமானார்.

பர்த்திமேயுவை வாயை மூடச் சொன்ன கூட்டம் எரிகோவோடு முடிந்துபோகவில்லை. ஐரின் காலத்தில் வழியோரம் இருந்தவர்கள் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் நம் தமிழ்நாட்டிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள். இன்றும் இருக்கிறார்கள். நாம் சாப்பிடுகிற கடைகளின் பின்கட்டில் மாவாட்டுகிறவர்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள், இராமநாதபுரத்துப் பிள்ளைகள், சிவகங்கைப் பிள்ளைகள். நம் மொழியில்தான் பேசுகிறார்கள். "தம்பி, எந்த ஊர்? வீட்டுக்குப் பேசினியா?" என்று கேட்க மொழிபெயர்ப்பாளர் வேண்டாம். அக்காவுக்குப் பிடித்த மூன்றாவது இடம் கடைவரிசைக்குப் பின்னால் இருக்கிற அப்படிப்பட்ட ஒரு சந்து. மதியக் கூட்டம் ஓய்ந்து மூன்றரை மணிக்கு அந்தப் பிள்ளைகள் தலைகீழாகக் கவிழ்த்த எண்ணெய் டின்களில் உட்கார்ந்து கைப்பேசியில் அம்மாவிடம் பேசுகிற நேரம். அங்கே அவர் எதுவும் கொண்டுபோவதில்லை. ஓரமாக ஒரு டின்னில் உட்கார்ந்துகொள்கிறார். யாராவது ஏதாவது கேட்டால் பதில் சொல்கிறார்.

இன்று 2024 அக்டோபர் 27. இதே நாளில் 2010-ல் அன்றைய இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் நம் அன்றைய பிரதமர் நஜிப்பும் வந்து இங்கே பிரிக்பீல்ட்ஸில் லிட்டில் இந்தியாவைத் திறந்து வைத்தார்கள். வரும் வியாழன் தீபாவளி. ஒரு வாரமாக நடைபாதை முழுக்கக் கூடாரங்கள், முறுக்கு, துணி, விளக்கு, ஜனம். நம் இந்துச் சகோதரர்களின் மகிழ்ச்சியில் நாமும் மகிழ்கிறோம். நேற்றுக்கூட நான் போய் இரண்டு பொட்டலம் அதிரசம் வாங்கி வந்தேன். ஆனால் எனக்கு ஊரைக் காட்டிய அந்த அண்ணனுக்கு இந்த வாரம் மல்லிகை முடியவே இல்லை. தெரு முழுக்க மல்லிகை, தெரு முழுக்க எண்ணெய் வாடை, தெரு முழுக்கப் பாட்டு. எங்கே திரும்ப வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. மூன்று நாளாக வேலைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்புகிறாராம்.

அதனால், வரும் மூன்று காலைகள், மொனோரயில் நிலையத்துக்குக் கீழே ஆறரை மணி முதல் எட்டு மணி வரை நம் இளையோர் குழுவிலிருந்து நான்கு பேர் நிற்கப் போகிறார்கள். இன்னும் நான்கு பேர் வேண்டும். அக்கா சொல்லிக் கொடுத்தது இதுதான்: கையைப் பிடித்து இழுக்காதீர்கள். முதலில் பேசுங்கள், கூட வரவா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் சரி என்று சொல்லுங்கள். வரச் சொன்னால் உங்கள் புறங்கையை அவர் புறங்கையில் தொடுங்கள், அவரே உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். நீங்கள் அரை எட்டு முன்னால். குறுகலான இடத்தில் உங்கள் கையை முதுகுப் பக்கம் கொண்டு போங்கள், அவருக்குப் புரியும். படி வந்தால் நின்று, ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லுங்கள். போகும்போது சொல்லிவிட்டுப் போங்கள். வெட்ட வெளியில் விட்டுவிடாமல் ஒரு சுவரையோ தூணையோ அவர் கைக்குக் காட்டிவிட்டுப் போங்கள்.

இன்னொன்று. அக்கா அடுத்த வாரம் ஊரில் இல்லை, பினாங்கில் வேலை. புதன்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் பெரியவர் பத்திரிகைக்காகக் காத்திருப்பார். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் போதும். திருப்பலி முடிந்ததும் என்னை வந்து பாருங்கள், வீட்டு எண் தருகிறேன். யார் போனாலும், பின்பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள்.